பதினாறு மாதம்

அத்தியாயம் பன்னிரண்டு

திருமணப் பதிவு அலுவலகத்திலிருந்து பெரியவளையும் அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்காரரையும் திருப்பி அனுப்பி ஐந்து வாரம் ஆகிவிட்டது. "பாதுகாவலர் சம்மதம் இல்லாம இந்தம்மா கையெழுத்து செல்லாது" என்று அங்கே ஒருவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

பாதுகாவலர் வேறு யாருமில்லை, அண்ணன்தான். அப்பா போன பிறகு அந்தப் பொறுப்பு அவனிடம் வந்தது. அவன் சம்மதிக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. தங்கையை எவனாவது ஏமாற்றிவிட்டால் என்ற பயம்.

பயத்துக்குக் காரணம் ஒரு நம்பர். பெரியவள் மூன்றாம் வகுப்புக்குப் போன இரண்டாவது மாதம் எடுத்த அறிவுத்திறன் சோதனையில் வந்த அறுபத்தெட்டு. எழுபதுக்குக் கீழே வந்தால் புத்தி வளர்ச்சி குறைவு என்பது கணக்கு. அந்த நம்பரோடு அவள் சிறப்புப் பள்ளிக்குப் போனாள். பிறகு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போனாள். நம்பரும் கூடவே போனது.

"புதுசா ஒரு சோதனை எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்" என்று பாதுகாவலர் வாரியம் சொல்லியிருந்தது.

அந்தச் சோதனை இன்றைக்கு.

*

மனநல மையத்தின் இரண்டாவது மாடியில், நடைபாதையில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா. எதிரே மூடிய கதவு. கதவுக்குப் பின்னால் அக்கா.

சின்னவளுக்கு இந்த மாதிரிக் கதவுகள் புதிதல்ல. அவளும் உளவியலாளர்தான். வாரத்துக்கு நாலு பிள்ளைகளையாவது இப்படி எதிரே உட்காரவைத்துச் சோதிக்கிறவள். ஆனால் சொந்த அக்காவைச் சோதிக்கக்கூடாது, உள்ளேயும் இருக்கக்கூடாது. அதனால் அவளைவிட இருபது வருடம் அனுபவம் அதிகமான ஒரு பெண்மணி உள்ளே இருந்தார்.

தடுப்புச்சுவர் வெறும் பலகை. என்ன நடக்கிறது என்று சின்னவளுக்குச் சத்தத்தை வைத்தே தெரிந்தது. கேட்கக்கூடாது என்றும் தெரிந்தது. காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"படகுக்கும் சைக்கிளுக்கும் என்னங்க ஒற்றுமை?" என்றார் சோதிப்பவர்.

"ரெண்டும் ஆளை ஏத்திட்டுப் போகும்" என்றாள் பெரியவள். கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டுலயும் முதல் தடவை ஏறுறவன் விழுவான்" என்றாள்.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்து தொண்டையிலேயே நின்றது. முதல் பதிலுக்கு முழு மதிப்பெண். இரண்டாவதற்கு எந்தக் கையேட்டிலும் மதிப்பெண் கிடையாது.

அடுத்து கட்டைகளைக் கொட்டும் சத்தம் கேட்டது. படத்தில் இருக்கிற வடிவத்தைக் கட்டைகளால் அடுக்க வேண்டும், ஸ்டாப்வாட்ச் ஓடும். சின்னவள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இதில்தான் அவளுக்குப் பயம். அக்கா எதையும் வேகமாகச் செய்யமாட்டாள். சலவைக்கூடத்தில் அவளுக்கு 'மடிப்பு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஒரு விரிப்பை மடித்தால் நாலு முனையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்ததா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள். அங்கே அதற்காக அவளைக் கொண்டாடினார்கள். இங்கே அதே பழக்கத்துக்கு மதிப்பெண் குறையும்.

ஸ்டாப்வாட்ச் நின்றது. "பரவாயில்லை, அடுத்தது பார்ப்போம்" என்றது குரல்.

"இன்னும் ஒரு கட்டைதாங்க பாக்கி."

"நேரம் முடிஞ்சிடுச்சு."

"ஓ. நேரமும் பார்ப்பீங்களா?"

ஆரம்பத்திலேயே சொல்லியிருப்பார்கள். பதற்றத்தில் அக்காவின் காதில் விழுந்திருக்காது.

"என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா. காலையிலிருந்து கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் பண்றா."

"எழுபது வந்துடுமில்ல?"

"எழுபதுங்கிறது சுவர் இல்லம்மா. எந்த நம்பர் வந்தாலும் அஞ்சு மேலேயும் கீழேயும் இருக்கலாம்னுதான் எழுதணும். நாலு பேர் நாலு நாள் சோதிச்சா நாலு நம்பர் வரும். புத்தின்னா என்னன்னு எங்க ஆளுங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓயல."

"அப்போ அந்த அறுபத்தெட்டும் அப்படித்தானா?"

இந்தக் கேள்வியை அம்மா கேட்ட விதத்தில் என்னவோ இருந்தது. சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா ஜிப்பை மூடிவிட்டு நடைபாதையின் கடைசியில் இருந்த தண்ணீர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

பதினொன்றரைக்கு இடைவேளை விட்டார்கள். பெரியவள் வெளியே வந்து ஒரே மூச்சில் அரை பாட்டில் தண்ணீர் குடித்தாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நம்பரைத் தலைகீழா சொல்லச் சொன்னாங்க. அது ஜுஜுபி. துணிக்கட்டு டோக்கனை நாங்க எப்பவும் பின்னாடியிருந்துதான் படிப்போம். கட்டைதான் சொதப்பிடுச்சு." புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவர் போன் பண்ணாரா?"

"மூணு தடவை."

"மேலயும் கீழயும் போறதைத் தவிர வேற எங்கயும் போகாத மனுஷன். இன்னைக்கு எந்த மாடியில யாரை மாத்தி இறக்கிவிடப் போறாரோ" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் வாங்கக் கீழே இறங்கிப் போனாள்.

அந்த இடைவேளையில் சோதிப்பவர் அம்மாவைக் கூப்பிட்டார். சோதனையின் நம்பர் பாதிதான். அன்றாட வாழ்க்கையில் ஆள் எப்படிச் சமாளிக்கிறார் என்பது மீதிப் பாதி. அதை வீட்டில் இருக்கிற ஒருவரைக் கேட்டு நிரப்ப வேண்டும். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அந்தப் பாதியை யாரும் கேட்கவே இல்லை. சின்னவள் வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு பக்கத்தில் உட்கார அனுமதித்தார்கள்.

"பஸ்ல தனியா போவாங்களா?"

"போவா. யாராவது கூட இருந்தா நல்லது."

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அக்கா பதினெட்டு வருடமாக இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள்.

"மருந்து நேரத்துக்குச் சாப்பிடுவாங்களா?"

"எனக்கே அவதான் எடுத்துக் குடுப்பா." சொன்ன பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கு உறைத்த மாதிரி இருந்தது. குரல் இறங்கியது. "ஆமா. அவதான் குடுப்பா."

"சரி, இப்போ சின்ன வயசு விவரம். எப்போ நடந்தாங்க?"

"பதினோராவது மாசம்."

"பேச்சு?"

"ஒரு வயசுல நல்லாப் பேசிட்டா. பக்கத்து வீட்டுக்காரங்க ஆச்சரியப்படுவாங்க."

"ஸ்கூல்ல சேர்ந்தப்போ பிரச்சினை ஏதாவது? அழுகை, அடம்?"

அம்மாவின் முகத்தில் பழைய பெருமை ஒன்று வந்து உட்கார்ந்தது. "அழவே இல்லைங்க. நாலு வயசு முடிய இன்னும் ரெண்டு மாசம் இருந்துச்சு. அந்த வயசுல எதுங்க அழாமப் போகும்? இவ டாட்டா காட்டிட்டுப் போனா."

சோதிப்பவரின் பேனா நின்றது. எதிரே இருந்த தாளை ஒருமுறை பார்த்தார்.

"இங்க முதல் வகுப்புல சேரும்போது அஞ்சு வயசு ரெண்டு மாசம்னு இருக்கே?"

அம்மாவின் கைப்பை ஜிப் மறுபடி திறந்தது, மூடியது.

"ரொம்ப நாளாச்சு இல்ல... மறந்திருக்கும்" என்றாள் கடைசியில்.

சின்னவள் அம்மாவின் கையைப் பார்த்தாள். பதினோராவது மாதம் நடந்தது மறக்கவில்லை. டாட்டா காட்டியது மறக்கவில்லை.

*

பழைய அறிக்கையின் நகல் சின்னவளின் கைப்பையிலேயே இருந்தது. சிறப்புப் பள்ளியின் கோப்பிலிருந்து போன வாரம்தான் கிடைத்தது. ஐம்பது தடவையாவது படித்திருப்பாள். எந்தக் கேள்வியில் தவறினாள், சோதித்தவர் யார், அறையில் வெளிச்சம் இருந்ததா என்றெல்லாம் யோசித்தவளுக்கு, மேலே எழுதியிருந்த வயதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

அந்தக் காலத்துக் கணக்கு எளிமையானது. எந்த வயதுக் குழந்தைகள் சாதாரணமாகச் செய்வதை இந்தக் குழந்தை செய்கிறது என்று பார்ப்பார்கள். அது மனவயது. அதை உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் நம்பர் வந்துவிடும்.

மனவயது ஐந்து வருடம். அறுபது மாதம்.

வயது ஏழு வருடம் நாலு மாதம். எண்பத்தெட்டு மாதம்.

அறுபதை எண்பத்தெட்டால் வகுத்தால் அறுபத்தெட்டு.

நடைபாதையில் நின்றபடியே போனில் கணக்குப் போட்டாள். பள்ளியில் சேர்ந்தபோது உண்மையில் மூன்று வருடம் பத்து மாதம் என்றால் வித்தியாசம் பதினாறு மாதம். எண்பத்தெட்டில் பதினாறு போனால் எழுபத்திரண்டு. அன்றைக்கு அக்காவுக்கு ஆறு வயதுதான்.

அறுபதை எழுபத்திரண்டால் வகுத்தாள்.

எண்பத்து மூன்று.

ஒரு தடவை தப்பாக அழுத்திவிட்டோமோ என்று மறுபடி போட்டாள். அதே எண்பத்து மூன்று. தன்னைவிட பதினாறு மாதம் பெரிய பிள்ளைகளோடு உட்காரவைத்து, அவர்கள் அளவுக்கு ஓடவில்லையே என்று ஒரு சின்னக் குழந்தையை நொண்டி என்று எழுதிவிட்டார்கள்.

"யாரும்மா தேதியை மாத்தினது?"

"மெதுவாப் பேசுடி."

"யாரு?"

அம்மா பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்னாலேயே சின்னவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"ஒரே ஒரு பிறப்புச் சான்று நகல்தான்" என்றாள் அம்மா. "நானே எழுதி நானே முத்திரை போட்டேன். உங்கப்பா கப்பல்ல சமையல் வேலையில, வருஷத்துக்கு ஒருதடவை வருவார். வந்தாலும் வருஷம் மாசமெல்லாம் அவருக்கு நினைவிருக்காது. உங்கண்ணன் ஸ்கூலுக்குப் போயிட்டான். இவளை யார்கிட்ட விடுறது? லீவு முடிஞ்சு, வேலைக்கு வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்னுட்டாங்க. ஸ்கூல்ல அஞ்சு முடிஞ்சாத்தான் சேர்ப்பாங்க. கெட்டிக்காரிதானே, சமாளிச்சுடுவான்னு நினைச்சேன்."

"நம்பர் வந்தப்போ சொல்லியிருக்கலாமே!"

"கிளம்பினேன்டி. செருப்புகூடப் போட்டுட்டேன். அப்போ நீ வயித்துல நாலு மாசம். வேலை போச்சுன்னா மூணு பிள்ளைங்களை வச்சுட்டு என்ன பண்ணுவேன்னு திரும்பி உட்கார்ந்துட்டேன். வயசால இவ்வளவு மாறும்னும் எனக்குத் தெரியாது. நம்பர்னா ரத்தப் பிரிவு மாதிரின்னு நினைச்சேன்."

"எப்போதான் தெரிஞ்சுது?"

"நீ காலேஜ்ல படிக்கிறப்போ புத்தகத்தை மேஜை மேல திறந்து வச்சுட்டுப் போயிருந்தே. வயசால வகுக்கணும்னு போட்டிருந்துச்சு. உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன்."

பத்து வருடத்துக்கும் மேல் ஆகிறது. சின்னவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பிஸ்கட் பாக்கெட்டோடு பெரியவள் வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

உள்ளே இன்னும் அரைவாசிச் சோதனை பாக்கி இருந்தது. இப்போது சொன்னால் அந்த அரைவாசியும் நாசமாகும். சொல்லாமல் விட்டால், இன்னொரு ஆள் இவளுக்குத் தெரியாமல் இவளைப் பற்றி முடிவெடுத்த மாதிரி ஆகும்.

"ஒண்ணுமில்லக்கா. நீ முடிச்சுட்டு வா."

பெரியவள் பிஸ்கட் பாக்கெட்டைத் தங்கை கையில் திணித்தாள். "உனக்குப் பொய் சொல்ல வராது குட்டி. சரி, முடிச்சுட்டு வரேன். வந்ததும் சொல்லணும்" என்றாள்.

கதவு மூடியது.

அடுத்த ஒன்றேகால் மணி நேரம் சின்னவள் தண்ணீர் மெஷின் பக்கத்திலேயே நின்றாள். அங்கே சத்தம் எதுவும் கேட்காது.

*

வெளியே வந்ததும் பெரியவள் உட்காரவில்லை. "இப்போ சொல்லுங்க" என்றாள்.

அம்மாதான் சொன்னாள். சின்னவள் குறுக்கே பேசவில்லை. ஒரு இடத்தில் மட்டும், கணக்கு அம்மாவுக்குக் குழறியபோது, போனை அக்காவிடம் நீட்டினாள். பெரியவள் எண்பத்து மூன்றை ரொம்ப நேரம் பார்த்தாள்.

கத்துவாள், அழுவாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்போ அந்த ஸ்கூல்ல பன்னிரண்டு வருஷம் நான் எதுக்கும்மா மணி கோத்துட்டு இருந்தேன்?"

அம்மாவின் கைப்பை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"கேட்டேனே. வீட்டுக்கு வந்து உன்கிட்ட கேட்டேன். மத்த ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் கதை படிக்குதே, எனக்கு ஏன் மணியே குடுக்கறாங்கன்னு. நீ என்ன சொன்னே? உனக்கு அது நல்லா வருதுடின்னே."

"அக்கா, உட்காரு."

"உட்கார மாட்டேன்." குரல் உடைந்தது. முழங்கையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நான் மட்டமான ஆளுன்னு நினைச்சேன். முப்பது வருஷமா. யாராவது வேகமாப் பேசினா, என் தலைதான் சரியில்லைன்னு சிரிச்சு வைப்பேன்."

சத்தம் கேட்டுச் சோதிப்பவர் கதவைத் திறந்தார். சின்னவள் நிலைமையை நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

அவர் முகம் மாறவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

"இன்னைக்கு எடுத்த சோதனைக்கு இதனால பாதகமில்லை. முப்பத்தேழா முப்பத்தெட்டாங்கிறது பெரியவங்க கணக்குல ஒரே பிரிவு. மதிப்பெண் திங்கட்கிழமைதான் தெரியும். அது எண்பத்து மூணாத்தான் வரும்னு நினைக்காதீங்க. பன்னிரண்டு வருஷம் பாடமே சொல்லிக்குடுக்காத ஆளைச் சோதிக்கிறோம். அதுக்கும் இதுக்கும் தொடர்பு உண்டு." பெரியவளை நேராகப் பார்த்தார். "எந்த நம்பர் வந்தாலும், பழசு எப்படித் தப்பாச்சுங்கிறதை வாரியத்துக்கு யாராவது எழுத்துல குடுக்கணும்."

"என்னை உள்ள போட்டுடுவாங்களா?" என்றாள் அம்மா.

"எனக்குச் சட்டம் தெரியாதும்மா. ஒண்ணும் ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது. அப்படி எழுதின தாளை நான் வாங்கினா மேல அனுப்பித்தான் ஆகணும். யோசிச்சுக்குங்க."

பெரியவள் மேஜையில் இருந்த வெள்ளைத் தாளை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"எழுதும்மா."

"என்ன எழுதறது?"

"நான் சொல்றேன், எழுது. என் மூத்த மகளுடைய பிறந்த தேதி தப்பு. அதை மாத்தி எழுதினது நான்."

முப்பது வருடம் ஊரில் பிறந்தவர்களையெல்லாம் எழுதிய கை அது. இப்போது ஒரு வரிக்கு மூன்று தடவை நின்றது. சரியான தேதியை எழுதும்போது மட்டும் யோசிக்காமல் எழுதியது.

"காரணம்?" என்றாள் அம்மா, தாளைப் பார்த்தபடியே. "சுயநலம்னு எழுதட்டுமா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். அது வெளியே போகும்வரை பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு எழுது. அதுதானே உண்மை? நம்பர் வந்தப்புறம் ஏன் சொல்லலைங்கிறதையும் எழுது. அதை நான் சொல்லமாட்டேன். நீயே எழுது."

கடைசி வரியை அம்மா எழுதக் கால் மணி நேரம் ஆனது. கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்று, இரண்டு கையாலும் தாளை நீட்டினாள். சோதிப்பவர் ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"வியாழக்கிழமை வாரியத்துல நேர்லயும் இதைச் சொல்லணும். பாதுகாவலரும் அங்க இருப்பார்."

அம்மா பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போட்டுவிடுவார்களா என்று கேட்டபோதுகூட இறங்காத குரல் இப்போது இறங்கியது.

"அவன் முன்னாடியா?"

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளிநாட்டில் கிடைத்த வேலையை அண்ணன் விட்டது யாருக்காக? பார்த்த பெண், "உங்க தங்கச்சி கடைசிவரைக்கும் நம்ம கூடத்தான் இருப்பாங்களா?" என்று கேட்டதற்காக அந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்றது யாருக்காக? நாற்பத்திரண்டு வயதில் தனி ஆளாக, தங்கையின் மருத்துவச் சீட்டையும் பஸ் பாஸையும் பத்திரப்படுத்திக்கொண்டிருக்கிறான். அந்த அறுபத்தெட்டு தின்றது ஒருத்தியின் வாழ்க்கையை மட்டுமல்ல.

"அவனுக்கு யாரு சொல்றது?" என்றாள் அம்மா. "நான் மாட்டேன். வாரியத்துல வேணா சொல்றேன். தனியா அவன் மூஞ்சியைப் பார்த்து என்னால முடியாதுடி."

"நான் போய்ச் சொல்றேன்மா" என்று சின்னவள் ஆரம்பித்தாள்.

"வேண்டாம்" என்றாள் பெரியவள். "என்னைப் பத்தின விஷயத்தை எல்லாரும் சேர்ந்து வேற யார்கிட்டயோ பேசினது போதும்."

தன் போனை எடுத்து நடைபாதைக்குப் போனாள். இரண்டு பேரும் வாசலில் நின்றுவிட்டார்கள். மணி அடிப்பது அவர்களுக்கும் கேட்டது. நாலு தடவை. ஐந்து தடவை. எடுக்கவில்லை என்று அம்மா பெருமூச்சு விடப்போன நேரத்தில் எடுத்தான்.

"முடிஞ்சுதா? எவ்வளவு வந்துச்சு? அழாதே, நான் இருக்கேன்" என்று அண்ணன் படபடவென்று பேசுவது இங்கே வரை கேட்டது.

அவன் பேசி முடிக்கட்டும் என்று பெரியவள் பொறுத்திருந்தாள்.

"அண்ணா, நம்பர் இன்னும் வரல. நான் உன்கிட்ட வேற ஒண்ணு சொல்லணும்" என்றாள். "வண்டி ஓட்டிட்டு இருந்தா ஓரமா நிறுத்து. உட்கார்ந்துக்கோ."